உள்ளே இருந்த பெயர்

"எழுது. கவனக்குறைவால் டிஸ்க்கின் பெயரை மாற்றிவிட்டேன். இதற்கு நானே முழுப் பொறுப்பு. கீழ கையெழுத்து."

மேனேஜர் நஞ்சப்பன் நின்றுகொண்டே சொன்னார். வேளாங்கண்ணி எழுதினாள். பேனா தாளைக் கிழித்துவிடும்போல் அழுந்தியது.

"எழுதிட்டேன். கையெழுத்து போட மாட்டேனுங்க."

"போடாம வேலையில இருந்துருவியா நீ?"

அது சர்க்கரை ஆலையின் கம்ப்யூட்டர் அறை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கரும்பு விவசாயிகள் காலையிலிருந்து நின்றார்கள். யார் கரும்பை எப்போது வெட்டுவது என்பது கம்ப்யூட்டருக்குள் இருந்தது. கம்ப்யூட்டர் அதைத் தர மறுத்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு கடத்தூர் குப்புராஜ் தலையை நீட்டினார்.

"ஏனுங்க மேனேஜரே, கெணறு வத்திப் போச்சு. கரும்பு பூத்துப் போச்சு. வெட்டு உத்தரவக் குடுக்கறீங்களா, இல்ல அந்தப் பொட்டிய ஒடச்சு நாங்களே எடுத்துக்கட்டுமா?"

"இந்தம்மாளக் கேளு. இவ கெடுத்த வேலை."

"ஏசியில உக்காந்துக்கிட்டு இதத்தான் பண்ணுனியா தாயி?"

கதவு அறைந்து மூடியது. வேளாங்கண்ணி கண்ணாடிப் பக்கம் திரும்பவில்லை.

பெங்களூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்த எஞ்சினியர் ராஜாமணி திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் பேசினார். "இந்தக் கம்ப்யூட்டர்ல ஓடறது யுனிக்ஸ் சார். டிஸ்க்குக்குள்ள இருக்கற பார்டிஷனோட, அதாவது உள்பகுதியோட, பேரைப் படிச்சுட்டுத்தான் ஏத்துக்கணும்னு இதுக்குச் சொல்லி வெச்சிருக்கோம். நாம இந்த வருசத்தைக் கேக்கறோம். உள்ள போன வருசம்னு இருக்கு. அதான் தள்ளுது."

"வெளிய என்ன ஒட்டியிருக்கு? இந்த வருசம்னுதானே? அப்ப உள்ள பேரை மாத்துனது யாரு? அது தெரிஞ்சவ இந்த ஆலையில இவ ஒருத்திதான்."

"நான் மாத்தலீங்க. இன்னொரு பெட்டியப் போட்டுப் பாருங்கன்னு நேத்துலேர்ந்து சொல்றேன்."

"அதுல போன வருசம்னு ஒட்டியிருக்கு. கண்ணு அவிஞ்சா போச்சு?"

டிஸ்க் பெட்டிகள் இரண்டு; ஒன்று கம்ப்யூட்டரில், மற்றது மேசைமேல். சாப்பாட்டுத் தட்டளவு கனத்த பிளாஸ்டிக். இரண்டிலும் நான்கு மூலைகளில் ஆயுத பூஜைச் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. நடுவில் பெயர் எழுதிய காகிதம்.

நஞ்சப்பன் ராஜாமணியின் பக்கம் வந்தார். "கேளுங்க சார். பூசைக்கு இதுங்களை ஈரத்துணியில நானே துடைச்சேன். நானே பொட்டு வெச்சேன். பூசை முடிஞ்சதும் பீரோவுல வெச்சுப் பூட்டினேன். மறுநா விசயதசமிக்குத் தொறந்து சூடம் காட்டுனதும் நான்தான். நேத்துக் காலையில எடுத்து மாட்டுனதும் நான்தான். சாவி என்னை விட்டு நகரல. அப்ப எப்ப நடந்திருக்கும்? பூசைக்கு முந்தியே பண்ணிட்டா. பூசையன்னைக்கு ஆளே வரல. எங்க சாமின்னா இவங்களுக்கு ஆகாது."

வேளாங்கண்ணி எழுந்துவிட்டாள். "எங்கம்மாவத் தர்மபுரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். உங்ககிட்டச் சொல்லிட்டுத்தான் போனேன். சாமிய எதுக்குங்க இழுக்கறீங்க?"

"ஒக்காரு. கையெழுத்தப் போடு. சார், நீங்க உள்ள பேரை மாத்துங்க. அப்படியே அந்தப் பழைய டிஸ்க்கை அழிச்சுக் குடுத்துருங்க. காலியா ஒண்ணு வேணும்."

"பேரை மாத்தறது ஒரு வரி சார். இதுக்கா என்னை ராத்திரியோட ராத்திரியாக் கிளம்ப வெச்சீங்க?" ராஜாமணி அந்த வரியை அடித்தார். விரல் கடைசி விசைக்கு மேல் வந்தது.

"வேண்டாங்க!" அவள் கத்தினாள். "பழசுன்னு நெனச்சுப் புதுச அழிச்சுட்டா திரும்பி வராதுங்க. வெளிய நிக்கறாங்களே, அத்தனை பேரு கரும்பும் அதுக்குள்ள இருக்குது."

"பாத்தீங்களா, எப்படிப் பதறுறான்னு?" என்றார் நஞ்சப்பன்.

ராஜாமணி விரலை எடுத்தார். இருவர் மீதும் கோபமாக, அழிக்கச் சொன்ன பெட்டியை வெடுக்கென்று தூக்கினார். காகிதத்தின் ஓரம் எழும்பி நின்றது. அடியில் மஞ்சளாக ஏதோ தெரிந்தது.

நகத்தால் உரித்தார். அடியில் வட்டமாக ஒரு சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். கம்ப்யூட்டரில் இருந்த பெட்டியையும் வெளியே இழுத்து, அதன் காகிதத்தையும் உரித்தார். அங்கேயும் ஒரு பொட்டு.

"துடைக்கறப்ப ரெண்டு காகிதமும் கழண்டு வந்திருக்கு," என்றார். "பொட்டு வெச்சதுக்கு அப்புறம் திருப்பி ஒட்டியிருக்காங்க. மாத்தி ஒட்டியிருக்காங்க."

நஞ்சப்பனின் கை இடுப்புச் சாவியில் போய் நின்றது.

ராஜாமணி தான் அடித்த வரியை அழித்தார். அழிக்க இருந்த பெட்டியை மாட்டினார். கம்ப்யூட்டர் எதுவும் கேட்காமல் ஏற்றுக்கொண்டது. சற்று நேரத்தில் பிரிண்டர் கிறீச்சிடத் தொடங்கியது. முதல் உத்தரவு வெளியே வர, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சத்தம் எழுந்தது.

நஞ்சப்பன் தொண்டையைச் செருமினார். சிரிக்கப் பார்த்தார்.

"சரி விடும்மா. மனுசன்னா தப்பு நடக்கறதுதான். இதப் போயி பெருசு பண்ணிக்கிட்டு. அந்தத் தாளைக் கிழிச்சுப் போட்டுட்டு வேலையப் பாரு."

வேளாங்கண்ணி தாளை எடுத்தாள். ஒருமுறை படித்தாள். அதில் யார் பெயரும் இல்லை. கீழே இடம் காலியாக இருந்தது.

அவர் பக்கமாகத் திருப்பி மேசையில் வைத்தாள். அதன்மேல் பேனாவை வைத்தாள்.

"கையெழுத்து போடுங்க சார்."