துறைக்கு ஒரே ஓர் இடம்

"எப்படியாவது அந்தம்மாவை மூணு மாசம் இங்கேயிருந்து வெளியே அனுப்பிடணும் சார். நீங்கதான் மனசு வைக்கணும்."

கதவைத் தட்டப் போன கை அப்படியே நின்றது. உள்ளே துறைத்தலைவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். அந்தத் துறையில் 'அந்தம்மா' என்றால் ஒருத்திதான். அவள்தான் விடைத்தாள் கட்டை இடுப்போடு அணைத்தபடி வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

தலைவர் ஓய்வுபெற இன்னும் ஒரு பருவம்தான் இருந்தது. கால அட்டவணை போடுவது, புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பாடம் பிரித்துக் கொடுப்பது, ஆய்வுக் குழு வந்தால் கோப்பும் கையுமாக மாடிக்கும் கீழுக்கும் ஓடுவது எல்லாம் அவள் தலையில்தான். அடுத்த தலைவர் அவள்தான் என்று வாசல் காவலர்வரை பேசிக்கொண்டார்கள்.

அன்று மதியமே தலைவர் கூப்பிட்டார்.

"பல்கலைக்கழகத்துல தலைமைப் பயிற்சின்னு ஒண்ணு ஆரம்பிக்கிறாங்கம்மா. வெளியூர்ல தங்கணும். மூணு மாசம், நடுவுல வர முடியாது. துறைக்கு ஒரே ஒரு இடம். உங்க பேரைச் சொல்லியிருக்கேன்."

"அடுத்த வருஷம் போறேனே சார்."

"இப்பவே போகணும்."

"ஏன் சார்?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பல்கலைக்கழகக் குழுவுல நாங்க பேசினதை வெளியில சொல்லக் கூடாதும்மா. என்னை நம்பிப் போங்க."

இந்த விஷயத்தில் அவர் இரும்பு. சொந்த மகள் அவர் எடுத்த வினாத்தாளிலேயே தோற்றாள். அதற்குக்கூட வாயைத் திறக்காத மனிதர்.

ஆனால் 'நம்பிப் போங்க' என்ற சொல்லை அவள் இதே மேசைக்கு எதிரே முன்பும் கேட்டிருக்கிறாள். முந்தைய தலைவர் அப்படிச் சொல்லித்தான் அவளைத் தேர்வு மேற்பார்வைக்கு ஒரு மலைக் கல்லூரிக்கு அனுப்பினார். அவள் திரும்பி வந்தபோது பதவி உயர்வுக்கான நேர்காணல் முடிந்து, அவருடைய தம்பி மகன் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்துக்கொண்டிருந்தான். அவளுக்கும் மறக்காமல் ஒன்று எடுத்து வைத்திருந்தான்.

"யோசிச்சுச் சொல்றேன் சார்."

ஸ்டாஃப் ரூமில் 'நிழல்' காத்திருந்தார். அவளோடு வேலை பார்க்கும் பேராசிரியர். தலைவரின் பையைத் தூக்கிக்கொண்டு குழு அறையின் வாசல்வரை போய், கூட்டம் முடியும்வரை அங்கேயே நிற்பதால் மாணவர்கள் வைத்த பெயர் அது.

"பயிற்சியாமே மேடம்?" குரலைத் தாழ்த்தினார். "எனக்கென்னமோ சரியாப் படலை. இன்டர்வியூ எந்த நேரமும் வரலாம். நீங்க அங்க உட்கார்ந்து சார்ட்ல கட்டம் போட்டுக்கிட்டு இருப்பீங்க. இங்க நாற்காலியில வேற யாராவது உட்கார்ந்திருப்பாங்க."

"வேற யாராவதுன்னா? நீங்களா?"

"நான் பை தூக்கவே பிறந்தவன் மேடம்!" என்று சிரித்தார். வாசல்வரை போனவர் திரும்பி, "ஆமா, அங்க தங்குற ரூம் தனித்தனியா, ரெண்டு பேருக்கு ஒண்ணா?" என்றார்.

"யாருக்குத் தெரியும்?" என்றாள் அவள் எரிச்சலோடு.

மறுநாள் காலையில் முதல் ஆளாகத் தலைவரின் அறைக்குள் நுழைந்தாள்.

"நான் போகலை சார். நேத்து நீங்க போன்ல பேசினது என் காதுல விழுந்துச்சு."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு மூடிக்கொண்டார்.

"நல்லா யோசிச்சீங்களாம்மா? கெஞ்சி வாங்கின இடம் அது."

"அதான் கேட்டேனே சார், நீங்க கெஞ்சினதை. ஒரு தடவை போய்ப் பட்டது போதும். வேற யாரையாவது அனுப்புங்க."

விறுவிறுவென்று வெளியே வந்தாள். ஒரு தலைவரின் முகத்துக்கு நேராக முடியாது என்று அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்தத் தெம்பு ஒரு வாரத்துக்குத் தாங்கியது.

அவளுக்குப் பதிலாக நிழல் போனார். சொந்தப் பையைத் தூக்கிக்கொண்டு அவர் நடந்ததைப் பார்க்க மாணவர்கள் வராந்தாவில் கூடிவிட்டார்கள்.

அந்த மூன்று மாதமும் அவள் துறையை விட்டு அசையவில்லை. காய்ச்சலிலும் விடுப்பு எடுக்கவில்லை. தங்கையின் பிரசவத்துக்குக்கூடப் போகவில்லை. நிழலின் வகுப்புகளையும் சேர்த்து எடுத்தாள். வரும்போதும் போகும்போதும் அறிவிப்புப் பலகையை ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள். நேர்காணல் பற்றி மூச்சே இல்லை. தான் காவல் இருப்பதால்தான் யாருக்கும் துணிச்சல் வரவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

நிழல் கழுத்தில் டையோடு திரும்பி வந்தார். தலைவர் தன் அலமாரியைக் காலி செய்ய ஆரம்பித்திருந்தார். புத்தகங்களை எடுத்துக் கொடுக்க அவளே போய் நின்றாள்.

"இன்டர்வியூ எப்போ சார்?"

"திங்கட்கிழமை. புது விதியெல்லாம் இன்னைக்குத்தான் அறிவிச்சாங்க. இனிமே நான் வெளியில சொல்லலாம்."

அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நல்லவேளை சார், நான் எங்கேயும் போகாம இங்கேயே இருந்தேன்."

புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்த கை நின்றது. அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"பயிற்சிக்குப் போனவங்களை மட்டும்தாம்மா கூப்பிடுறாங்க."