எதிர் நாற்காலி

ஜன்னல் இல்லாத ஒத்திகை அறையில் கரண்ட் போகிறது. முப்பத்தோரு வருடமாகச் சேர்ந்து தந்தி வாத்தியம் வாசிக்கும் நால்வருக்கு இருட்டு ஒரு பொருட்டே இல்லை. வில்கள் தம்பாட்டுக்கு ஓடுகின்றன. இன்றைக்கென்று முதல் வயலின்காரருக்கு டீ ஞாபகம் வந்துவிடுகிறது. "போதும்பா, மீதியை அப்புறம் பாக்கலாம்" என்று அவர் சிரிக்க, மூன்று வில்லும் மடிக்கு வருகின்றன. செல்லோ மட்டும் நிற்கவில்லை. "அண்ணே, நிறுத்திட்டோம்ணே" என்கிறாள் இரண்டாம் வயலின்காரி. செல்லோ உருகிக்கொண்டே போகிறது. "யோவ், விளையாடாதய்யா!" என்று வயோலாக்காரர் கத்துகிறார். அது பாட்டுக்குப் போகிறது. கரண்ட் வந்து விளக்கு எரிகிறது. அவள் மடியில் கிடக்கும் வில்லைப் பார்த்ததும் செல்லோக்காரரின் கை அந்தரத்தில் நின்றுவிடுகிறது. அவர் வில்லிலிருந்து பிசினின் வெள்ளைத் தூள் மட்டும் உதிர்கிறது. அவள் பார்வை அவருடைய நாற்காலிக்குப் போகிறது. ஃபேன் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று நான்கு வருடத்துக்கு முன்பு அவர்தான் நாற்காலியை அவளுக்கு நேரெதிரே இழுத்துப் போட்டுக்கொண்டார். "எத்தனை நாளாண்ணே காது கேக்கல?" அவர் அவள் உதடுகளையே பார்க்கிறார். பிறகு, அடிபட்ட குழந்தையைப் போலக் கேட்கிறார்: "இருட்டுல போய் நிறுத்துவாங்களாம்மா?"