கவர் கிடையாது

“என் பொண்ணு உக்காந்து ஓட்டுற பொம்மைக் காருக்கு பேட்டரியைப் பாதுகாக்குற பி.எம்.எஸ். போர்டு ஒண்ணு வேணும்க்கா. பேட்டரி சூடானா தானாவே கரன்ட்டை நிறுத்தணும்.”

கடைக்காரி ஒரு போர்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். “இதுல சூடு பாக்குற சென்சார் இருக்கு. தைரியமா மாட்டலாம்.”

விலையைக் கேட்டதும் வந்தவரின் முகம் சுருங்கியது. “எதிர்க்கடையில இதுல பாதிதானே?”

“அங்க விக்கிறதுல சென்சார் கிடையாது. பரவாயில்லன்னா அதையே மாட்டுங்க.”

“கொஞ்சம் பாத்துப் போடுங்கக்கா.”

“ஒரு பைசா குறையாது. அந்தக் கடை வந்ததுலேருந்து இங்க ஈ ஓட்டிக்கிட்டிருக்கேன். அப்பவும் மட்டமான சரக்கை உள்ள விடல.”

அவர் முழுப் பணத்தையும் எடுத்து வைத்தார். “ஒரு கறுப்புக் கவர்ல போட்டுக் குடுங்க.”

கட்டுக் கட்டாகத் தொங்கிய கவர்களுக்குக் கீழே நின்றுகொண்டே கடைக்காரி சொன்னாள்: “கவர் கிடையாது. கையிலயே கொண்டுபோங்க.”

அவர் போர்டும் கையுமாகத் தெருவைக் கடந்தார். எதிர்க்கடையில் பொம்மை ஜீப்போடு காத்திருந்த வாடிக்கையாளர் நிமிர்ந்து பார்த்தார்.

“வந்துட்டீங்களா முதலாளி! எனக்கும் அந்த போர்டையே குடுங்க.”