ஒரு சொட்டு எண்ணெய்

"எந்த மடையன் இதுல எண்ணெய விட்டான்?"

கேமரா மெக்கானிக் போட்ட கத்தலில் கடையின் கண்ணாடி அலமாரியே அதிர்ந்தது. கையில் இருந்தது பழைய ஃபிலிம் கேமரா. பொத்தானை அமுக்கினால் ஷட்டரின் இதழ்கள் ஒட்டிக்கொண்டு, தூங்கி எழுந்தவன் கண் மாதிரி சோம்பலாகத் திறந்து மூடின.

"காலையில ஒரு அம்மா குடுத்துட்டுப் போனாங்க. அவங்க என்ன சொன்னாங்கன்னா..." என்று ஆரம்பித்தாள், கல்லாவில் இருந்த மனைவி.

"அவங்க சொல்றது என்ன வேண்டிக்கிடக்கு? ஷட்டருக்கு எண்ணெய் ஆகாதுன்னு தெரியாதவங்க கையில எல்லாம் கேமரா!"

ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் இதழ் இதழாகத் துடைத்தான். துடைக்கத் துடைக்க, முகம் தெரியாத அந்த மடையனுக்கு அர்ச்சனை நடந்தது.

"ஏங்க, ஒரு நிமிஷம்..."

"நீ வாயை மூடு!"

மத்தியானத்துக்குள் ஷட்டர் டக் டக்கென்று திறந்து மூடியது.

சாயங்காலம் அந்த அம்மாள் வந்தாள். கேமராவை வாங்கி ஒருமுறை அமுக்கிப் பார்த்தாள். முகம் செத்துப்போனது.

"எந்த மடையன் இந்த எண்ணெயத் துடைச்சான்? ஓடுற ஆளுங்க படத்துல புகை மாதிரி விழணும்னு சொட்டுச் சொட்டா விட்டேன். அந்தப் பதம் வர ஒரு வருஷம் ஆச்சுய்யா! அடுத்த மாசம் கண்காட்சி. மீதிப் படத்தை இனி எதுல எடுப்பேன்?"

மெக்கானிக் திரும்பி மனைவியைப் பார்த்தான்.

"இப்பவாச்சும் வாயைத் திறக்கலாமா?" என்றாள் அவள். "அவங்க குடுத்தது, அறுந்த தோள்வாரைத் தைக்க."