ஸம்றாவின் வலது கை

ஸம்றாவின் கையில் குத்திய ஊசிகளுக்குக் கரண்ட் கொடுத்தபடி வைத்தியர் சுஜித்தா கேட்டார்: "நரம்பு நோவு குறைஞ்சிருக்கா?"

"இல்ல டொக்டர், அப்படியே எரியுது."

"கரண்ட இன்னும் கொஞ்சம் கூட்டி வையுங்க டொக்டர்," என்றான் கணவன் றிபாஸ். "கடையைப் பூட்டிட்டுக் கூட்டி வாறன். இவ சுகமானாப் போதும்."

இப்படியும் ஒரு கணவனா என்று சுஜித்தா வியந்தார்.

அவன் அஸர் தொழப் போனதும் ஸம்றா குரலைத் தாழ்த்தினாள். "நோவு எப்பயோ போயிட்டு டொக்டர். அவருக்கிட்டச் சொல்லிராதீங்க."

"ஏன் புள்ள?"

"சுகமெண்டாத் திருப்பியும் சவூதிக்கு வேலைக்கு அனுப்பிருவாரு. இந்தக் கைய முறிச்ச அதே வீட்டுக்கு. அவர்ர தங்கச்சிக்குச் சீதன வீடு கட்டணுமாம்."

இன்னும் பத்து வாரம் சிகிச்சை வேண்டும் என்று சுஜித்தா துண்டுச்சீட்டில் எழுதினார்.

"பத்துக் கிழமை காணாது டொக்டர்," என்றாள் ஸம்றா. "அந்த வீட்டுக்கு இன்னும் கூரையே போடல்ல."