காலிக் கட்டம்

"கட்டத்தைக் காலியா விட்டு அனுப்பினா மந்திரி என் தலையை உருட்டிடுவார்மா!" இயக்குநர் தாளை மேசைமேல் வீசினார்.

இறக்குமதிப் புள்ளிவிவரப் பிரிவில் பத்து வருஷமாகக் குப்பை கொட்டுகிறாள் அவள். ஆபீசில் அவளுக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர், 'காலிக்கட்டம்'. எங்கிருந்தாவது கணக்கு வரவில்லையென்றால், மற்றவர்கள் போன வருஷ எண்ணோடு அஞ்சு சதவீதம் கூட்டிப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். இவள் மட்டும் போட மாட்டாள். அப்படியொரு பிடிவாதம்!

"இது இன்சுலின் சார். ரெண்டு துறைமுகத்துல இருந்து மூணு மாசமாக் கணக்கே வரல. போன் பண்ணினா 'பார்த்துச் சொல்றோம்'கிறாங்க. சரக்கு இறங்குச்சா இல்லையான்னே தெரியாம நான் என்னத்தைப் போடுறது?"

"வழக்கமாப் போடுறதைப் போடுங்க."

"போட்டா, எட்டு மாசத்துக்குக் கையிருப்பு இருக்குன்னு காட்டும். மூணு மணிக் கூட்டத்துல அதைப் பார்த்துட்டு இறக்குமதியைப் பாதியாக் குறைச்சிடுவாங்க. தினம் ஊசி போட்டுக்கறவங்க எங்க சார் போவாங்க?"

பக்கத்து மேசைக்காரர் நமட்டுச் சிரிப்புச் சிரித்தார். "டாக்டரம்மா ஆயிட்டாங்க!"

இயக்குநர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்தப் பதறு பதறுறீங்களே, உங்க வீட்ல யாருக்காவது சர்க்கரையா?"

"எங்க வீட்ல யாருக்கும் இல்ல சார்."

"அப்புறம் என்ன? தட்டுப்பாடுங்கறதெல்லாம் சும்மா புரளி. கடைக்குக் கடை கொட்டிக் கிடக்கு. இப்பப் போடுறீங்களா, இல்ல பழைய ஃபைல் ரூமுக்கு மாத்தட்டுமா?"

ஜன்னல்கூட இல்லாத அறை அது. அங்கே போனவர் யாரும் இந்தப் பக்கம் திரும்பியதில்லை. அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

"மாத்திடுங்க சார்."

"சரியான அழுத்தம்!" பல்லைக் கடித்துக்கொண்டு இயக்குநரே பேனாவை எடுத்தார். அஞ்சு சதவீதம் கூட்டினார், கட்டத்தை நிரப்பினார். அதோடு விட்டாரா? அடியில் 'தட்டுப்பாடு ஏதுமில்லை' என்று எழுதி, கையெழுத்தையும் போட்டார்.

அந்த நேரம் பார்த்துக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார் அவருடைய டிரைவர். வேர்த்து விறுவிறுத்துப் போயிருந்தார். கையில் ஒரு ஐஸ் பெட்டி.

"ஐயா, பதினாலு மருந்துக்கடை ஏறி இறங்கி, இருந்த இன்சுலின் அத்தனையும் வாங்கிட்டேன். நம்ம வீட்டம்மாவுக்கு இனி ஒரு வருஷத்துக்குக் கவலையில்ல."

"இரு, அப்புறம்..." என்று கையமர்த்தினார் இயக்குநர். டிரைவர் சந்தோஷத்தில் கவனிக்கவில்லை.

"காலைல நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரிங்கய்யா! மூணு மாசமாத் துறைமுகத்துல ஒரு பெட்டிகூட இறங்கலையாம்!"