முதலில் கேமரா, பிறகு கண்

மார்ச் 11, செவ்வாய். இன்று ஒரு தவறு செய்தேன். படம் எடுப்பதற்கு முன் பார்த்துவிட்டேன்.

செல்லுக்குள் கொலஸ்ட்ரால் எங்கெங்கே இருக்கிறது என்று காட்டும் சாயம் அது. கொலஸ்ட்ராலோடு ஒட்டிக்கொண்டு நீலமாக ஒளிரும். நுண்ணோக்கியின் விளக்கு பட்டால் சற்று நேரத்தில் மங்கிவிடும். அதனால் முதலில் கேமரா, பிறகு கண்.

உள்ளே வரும் கொலஸ்ட்ராலைச் செல் தன் வெளிச்சவ்வுக்கு அனுப்பிவைக்க வேண்டும். அனுப்புகிற புரதம் பழுதானால் உள்ளேயே மூட்டை மூட்டையாகத் தேங்கிவிடும்; பிறவியிலேயே வரும் நோய் அது. மாலை வகுப்பில் படித்தது. சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று பேருந்தில் குறிப்பை மறுபடி புரட்டினேன்.

ஏழாம் எண், ஒரு கைக்குழந்தையின் தோல் செல்கள். எண் போடுவது ஆய்வகத்தை நடத்தும் மேடம். பெயர் எனக்குத் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான்: மூத்த குழந்தை இந்த நோயில் இறந்துவிட்டது.

குனிந்தேன்.

ஒவ்வொரு செல்லின் ஓரத்திலும் மெல்லிய நீலக் கோடு. உள்ளே இருட்டு. ஒரு மூட்டைகூட இல்லை.

நம்பாமல் தட்டை நகர்த்தி அடுத்த செல்லைப் பார்த்தேன். அதற்கும் அடுத்ததை, தட்டின் மறு ஓரம் வரை. சந்தோஷத்தில் தப்பாகப் பார்க்கிறேனோ என்று முதலிலிருந்து பார்க்கப் போனால், எல்லாம் மங்கிக் கிடந்தது.

படம் இல்லாமல் முடிவு எழுத முடியாது. சாயம் போட்ட தட்டு இன்னும் ஒன்றுதான்; அதுவும் மங்கினால் அந்த வீட்டில் இன்னும் ஒரு நாள் காத்திருப்பார்கள்.

மேடத்திடம் போய்ச் சொன்னேன்.

“கொழுப்பப் பாருன்னு அனுப்பினா, உனக்குக் கொழுப்பு ஏறிப்போச்சா? கண்ணால பாத்தேன்னா எவன் நம்புவான்? தள்ளு அந்தாண்ட.”

சாயம் போட்டு வைத்திருந்த இரண்டாவது தட்டை அவரே எடுத்து வைத்தார்.

குனிந்தார். தட்டை நகர்த்தினார். மறுபடியும் நகர்த்தினார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கடைசியில் நிமிர்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

நான் கணினித் திரையைப் பார்த்தேன். ஒரு படம்கூட இல்லை.

“மேடம், போட்டோ...”

“வாய மூடு,” என்றார். பிறகு, எனக்கே சரியாகக் கேட்காத குரலில், “என் தம்பி கொழந்த அது.”

நாளைய வேலை: ஏழாம் எண், மூன்றாவது தட்டுக்குச் சாயம் போட வேண்டும். முதலில் கேமரா. மேடத்தை வெளியே உட்கார வைக்க வேண்டும்.